சின்ன அறையில் பெரிய படம்

மும்பையில் தாராவி. அங்கே ஒரு வீடு. பத்தடிக்குப் பத்தடி. ஒரே அறைதான். அதிலேயே சமையல். அதிலேயே படுக்கை. மேலே ஒரு பரண். ஐந்து பேர் குடியிருக்கிறார்கள்.

வீட்டில் மூத்தவர் மாமியார். வயது அறுபது. ஐம்பத்தெட்டாம் வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது நாள்காட்டி பார்ப்பார். மருந்துச் சீட்டில் தன் பெயரைக் கண்டுபிடிப்பார். அவருக்கு ஓர் ஆசை. டி.வி.யில் சினிமாப் பாட்டு ஓடும்போது கீழே எழுத்து ஓடுகிறது அல்லவா? அதைப் படித்துக்கொண்டே பாட வேண்டும்.

ஆனால் வீட்டில் இருப்பது 32 அங்குல டி.வி. எழுத்து சின்னது. ஒரு சொல்லைக் கூட்டுவதற்குள் வரி மாறிவிடுகிறது.

மருமகள் வீட்டில் இருந்தபடியே பை தைக்கிறார். அதில் சேர்த்த பணம் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது. பேரன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான்.

“அம்மா, இதைப் பாரேன். புரொஜெக்டர். கையளவுதான் இருக்கு. பன்னிரண்டாயிரம் லூமென். ஷார்ட் த்ரோ. சுவர் முழுக்கப் படம் தெரியுமாம். விலையும் குறைச்சல்.”

மருமகளுக்கு ஆசைதான். பயமும்தான். பணம் போனால் திரும்பி வருமா? பக்கத்துச் சந்தில் ஒரு வயர்மேன் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டார்கள். வயர்மேன் வந்தார். விளம்பரத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“முதல்லே சுவரை அளக்கலாம், அக்கா” என்றார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

புரொஜெக்டரில் மூன்று பொருள்கள் முக்கியம். ஒன்று, விளக்கு. இரண்டு, படம் உருவாகும் சின்ன வில்லை. மூன்று, லென்ஸ்.

விளக்கின் ஒளி வில்லையில் படுகிறது. வில்லையில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒளியைக் கொஞ்சம் விடும், அல்லது தடுக்கும். அப்படித்தான் படம் உண்டாகிறது. அந்தச் சின்னப் படத்தை லென்ஸ் பெரிதாக்கிச் சுவரில் வீழ்த்துகிறது.

சில பெட்டிகளில் வில்லைக்குப் பதில் கண்ணாடிகள் இருக்கும். தலைமுடியின் தடிமனைவிடச் சின்னக் கண்ணாடிகள். ஒரு நகத்தளவு இடத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். அவை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படியும் அப்படியும் சாயும். ஒளியைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் வெள்ளைப் புள்ளி. வேறு பக்கம் திருப்பினால் கறுப்புப் புள்ளி. இதை 1987இல் உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த லாரி ஹார்ன்பெக்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கறுப்பு நிற ஒளி என்று ஒன்று கிடையாது. புரொஜெக்டரால் கறுப்பைச் சுவரில் பூச முடியாது. ஒளியை அனுப்பாமல் இருக்க மட்டுமே முடியும். அறையில் டியூப்லைட் எரிந்தால் அந்த இடமும் வெளுத்துத்தான் தெரியும். பகலில் படம் மங்கிப் போவது இதனால்தான். டி.வி.யில் இந்தத் தொல்லை குறைவு. காலையில் செய்தி பார்க்கிற வீட்டுக்கு டி.வி.யே போதும்.

எவ்வளவு தூரத்தில் வைப்பது?

வயர்மேன் சுவரில் சாக்பீஸால் ஒரு சட்டம் வரைந்தார். மூலைக்கு மூலை 80 அங்குலம். அகலம் 70 அங்குலம். அதாவது 5 அடி 10 அங்குலம். உயரம் 39 அங்குலம். வீட்டு டி.வி.யைவிட இரண்டரை மடங்கு நீளம், இரண்டரை மடங்கு உயரம். எழுத்தும் இரண்டரை மடங்கு பெரிதாகும்.

“இவ்வளவு பெருசா!” என்றார் மாமியார்.

“ஆமாம்மா. ஆனா பெட்டியை எங்கே வைப்பீங்க?”

இங்கேதான் ஒரு கணக்கு வருகிறது. எல்லாப் புரொஜெக்டருக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு த்ரோ ரேஷியோ என்று பெயர். பெட்டியோடு வரும் சின்னப் புத்தகத்தில் இருக்கும். படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். பெட்டியைச் சுவரிலிருந்து அத்தனை தூரத்தில் வைக்க வேண்டும்.

எண் 1.5 என்று வைத்துக்கொள்ளலாம். 70 அங்குலத்தை 1.5 ஆல் பெருக்கினால் 105 அங்குலம். அதாவது 8 அடி 9 அங்குலம். பத்தடி அறையில் அது எதிர்ச்சுவரை ஒட்டி வந்துவிடும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில்தான் எல்லோரும் உட்கார வேண்டும். யாராவது எழுந்தால் சுவரில் அவர் தலைதான் தெரியும். தண்ணீர் குடிக்கப் போனாலும் படம் போச்சு. இன்னும் பெரிய படம், 100 அங்குலம் வேண்டும் என்றால் ஏறக்குறைய 10 அடி 11 அங்குலம் தேவை. பெட்டியை வாசலுக்கு வெளியே சந்தில்தான் வைக்க வேண்டும்!

எண் 0.5 என்றால்? 70இல் பாதி 35 அங்குலம். மூன்றடிகூட இல்லை. இதைத்தான் ஷார்ட் த்ரோ என்கிறார்கள். கிட்டத்தில் இருந்தே பெரிய படம் காட்டும். பெட்டி முன்னால். ஆட்கள் பின்னால். நிழல் விழாது. கண்ணிலும் ஒளி அடிக்காது.

எண் 0.4க்கும் கீழே போகிற பெட்டிகளும் உண்டு. 0.25 என்றால் ஒன்றரை அடி போதும். சுவர் ஓரத்தில் பெட்டியை வைத்தால் ஒளி மேல்நோக்கிச் சாய்ந்து ஏறும். இதை அல்ட்ரா ஷார்ட் த்ரோ என்கிறார்கள். விலை மிக அதிகம். புதியது ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

வயர்மேன் இப்போதுதான் பேரனின் போனை வாங்கிப் பார்த்தார். விளம்பரத்தில் ஷார்ட் த்ரோ என்று பெரிய எழுத்து. கீழே பொடி எழுத்தில் எண் இருந்தது. 1.35.

“இது ஷார்ட் த்ரோ இல்லே. சாதாரணப் பெட்டி” என்றார்.

பன்னிரண்டாயிரம் லூமென் என்பது உண்மையா?

ஒளியின் அளவை லூமென் என்று சொல்கிறார்கள். வீட்டில் எரியும் 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஏறக்குறைய 2,000 லூமென் தரும். அதாவது ஒரு வாட்டுக்கு நூறு லூமென்.

விளம்பரத்தில் இருந்த பெட்டி 60 வாட். முழுதும் ஒளியாக வந்தாலும் 6,000 லூமென்தான் வரும். ஆனால் முழுதும் வராது. வில்லையிலும் லென்ஸிலும் பெரும்பகுதி வீணாகிவிடும். சுவருக்குப் போய்ச் சேருவது சில நூறு லூமென்தான். அப்படியிருக்க 12,000 எங்கிருந்து வரும்?

வராது. வெறும் லூமென் என்று போட்டு எந்த எண்ணையும் எழுதிவிடுகிறார்கள். கேட்க வேண்டியது ஆன்சி லூமென். இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. சுவரில் விழும் படத்தை ஒன்பது கட்டமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒளியை அளப்பார்கள். பிறகு சராசரி எடுப்பார்கள். இந்த எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது.

நன்றாக இருட்டிய சின்ன அறையில் 300 ஆன்சி லூமென் இருந்தால்கூட 60 அங்குலப் படம் பார்க்கலாம். படம் பெரிதாகப் பெரிதாக அதே ஒளி பரவி மங்கிவிடும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். ஒரு கரண்டி நெய்யை ஒரு தோசையில் தடவுவதற்கும் நாலு தோசையில் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

4கே என்ற சொல்லிலும் இதே கதை உண்டு. 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் பெட்டி வேறு. 4கே அளவில் காட்டும் பெட்டி வேறு. மலிவுப் பெட்டி 4கே படத்தை வாங்கும். வாங்கித் தன்னிடம் இருக்கும் குறைந்த புள்ளிகளில் அடைத்துக் காட்டும். “இதன் நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?” என்று கேட்டால் உண்மை தெரியும். 1920க்கு 1080 என்றால் ஏறக்குறைய இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரம் புள்ளிகள். வீட்டுக்கு அது தாராளம்.

பள்ளிக்கூடத்துப் பெட்டி

மருமகளின் முகம் வாடிவிட்டது. “அப்போ நம்ம பணத்துக்கு ஒண்ணும் கிடைக்காதா, அண்ணே?”

வழி இருந்தது. நாட்டில் பல பள்ளிகளில் ஸ்மார்ட் கிளாஸ் வைத்தார்கள். வெள்ளைப் பலகைக்கு மேலே கம்பியில் ஷார்ட் த்ரோ பெட்டியைத் தொங்கவிட்டார்கள். ஆசிரியரின் நிழல் பலகையில் விழக் கூடாது அல்லவா? அதற்காகத்தான். பிறகு பல பள்ளிகள் பெரிய தொடுதிரை டி.வி.க்கு மாறின. பழைய பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. மும்பையில் லேமிங்டன் ரோடு பெயர் பெற்ற மின்னணுக் கடைத்தெரு. இப்படிப் பழைய பொருள் விற்கும் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

இந்தப் பெட்டிகள் பகல் வகுப்புக்காகச் செய்தவை. ஒளி நிறைய உண்டு. பலவற்றில் 2,500 ஆன்சி லூமெனுக்கு மேல் இருக்கும். குறையும் உண்டு. பலவற்றின் புள்ளிக் கணக்கு 1024க்கு 768தான். எட்டு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. படத்தின் வடிவமும் பழைய டி.வி. போல ஏறக்குறைய சதுரமாக இருக்கும். அகலமான சினிமாப் படம் ஓடினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். பாட்டுக்கும் எழுத்துக்கும் அது ஒரு குறையே இல்லை.

பழைய பெட்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விளக்கை. இவற்றில் எல்.இ.டி. இருக்காது. பாதரச விளக்கு இருக்கும். அதற்கு ஆயுள் உண்டு. இரண்டாயிரம் மணியிலிருந்து ஐயாயிரம் மணி வரை ஓடும். இதுவரை எத்தனை மணி நேரம் எரிந்தது என்று மெனுவில் காட்டும். லேம்ப் அவர் என்று இருக்கும். புது விளக்கு சில ஆயிரம் ரூபாய் ஆகும். அந்த மாடலுக்கு விளக்கு இன்னும் கிடைக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பெட்டி இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

விளக்கின் மணிக் கணக்கை மெனுவில் அழித்துச் சுழியத்திலிருந்து தொடங்க முடியும். சில கடைக்காரர்கள் அப்படிச் செய்வதும் உண்டு. அதனால் கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது. கடையில் விளக்கை அணைக்கச் சொல்லி, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் முழு வெள்ளைப் படம் போடச் சொல்லலாம். அதில் மஞ்சள் திட்டு தெரிகிறதா? கறுப்புப் புள்ளியோ வெள்ளைப் புள்ளியோ நிலையாக நிற்கிறதா? இரைச்சல் அதிகமா? கடைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போகலாம்.

ரசீது வாங்க வேண்டும். “பழைய பொருளுக்கு என்ன பில்?” என்று சிலர் சொல்வார்கள். விட்டுவிடக் கூடாது. வாங்கிய பொருளில் ஏமாற்று இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். புகாருக்கு ரசீது பெரிய சாட்சி.

மருமகளும் வயர்மேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மூன்று கடை ஏறி இறங்கினார்கள். 0.5 எண் உள்ள பெட்டி ஒன்று கிடைத்தது. விளக்கு 900 மணி எரிந்திருந்தது. பேரம் பேசி வாங்கினார்கள். கையில் கொஞ்சம் மீதியும் இருந்தது.

சுவரும் ஒளியும்

பெட்டி கிட்டே இருந்தால் ஒளி சுவரில் சாய்ந்து விழும். சாய்ந்து விழும் ஒளி சுவரின் குற்றத்தை எல்லாம் காட்டிக்கொடுக்கும். இரவில் டார்ச் லைட்டைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் புரியும். பகலில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம்!

அல்ட்ரா ஷார்ட் த்ரோவில் இது மிக மோசம். சிறு மேடு இருந்தாலும் படத்தில் நேர்கோடு வளையும். வேட்டியையோ போர்வையையோ கட்டினால் காற்றில் அசையும். நடிகரின் முகம் அலை அடிக்கும். 0.5 உள்ள பெட்டியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் சுவர் சமமாக இருக்க வேண்டும்.

இந்த வீட்டில் ஒரு சுவர் மழைக்காலத்தில் ஓதம் ஏறி உரிந்திருந்தது. வயர்மேன் அதை விட்டார். எதிர்ச்சுவரைத் தேர்ந்தெடுத்தார். பட்டி பார்த்து, தேய்த்து, பளபளப்பு இல்லாத வெள்ளை அடித்தார்கள். எண்ணெய்ப் பெயிண்ட் கூடாது. அது பளபளக்கும். விளக்கு அடிக்கும் இடம் மட்டும் கண்ணைக் கூசும்.

பெட்டியை நேராக வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் படம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் விழும். கீஸ்டோன் என்ற பொத்தானை அழுத்தினால் சரியாகும். ஆனால் அதற்குக் கொஞ்சம் புள்ளிகளைப் பலி கொடுக்க வேண்டும். எழுத்து மங்கும். பெட்டியை நகர்த்திச் சரி செய்வதே மேல்.

ஒரே அறையில் அடுப்பும் பெட்டியும்

ஒற்றை அறை வீட்டில் ஒரு தனித் தொல்லை உண்டு. தாளிக்கும்போது எண்ணெய்ப் புகை எழும். அது லென்ஸில் படியும். பிசுக்கு ஏறிய லென்ஸில் படம் பனி மூடியது போல் இருக்கும். சமைக்கும்போது பெட்டியைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டும். ஓடும்போது மூடவே கூடாது. உள்ளே விளக்கு கொதிக்கும். காற்றுப் போகும் துளையில் துணியோ தலையணையோ பட்டால் பெட்டி கெடும். தீயும் பிடிக்கலாம். அணைத்த பிறகும் உள்ளே மின்விசிறி சிறிது நேரம் சுற்றும். அது நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்கக் கூடாது.

விளக்கு உடைந்தால் அதில் இருக்கும் பாதரசம் வெளியே வரும். உடனே பிளக்கை எடுத்துவிட வேண்டும். ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும். பழைய விளக்கைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் குழந்தையின் கண். ஓடும்போது லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. சூரியனைப் பார்ப்பது போல அது. தரையில் வைத்த பெட்டிக்கு மேலே குழந்தை குனிந்துவிடும். ஆகவே இந்த வீட்டில் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தது போலவே சுவரில் ஒரு கம்பி அடித்து, ஆள் உயரத்துக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். மெனுவில் சீலிங் என்பதை அழுத்தினால் படம் நேராகிவிடும்.

மின்சாரச் செலவைப் பற்றி மகன் கேட்டார். கணக்கு சுலபம். பழைய பெட்டி ஏறக்குறைய 300 வாட். மூன்று மணி நேரம் ஓட்டினால் 0.9 யூனிட். மாதத்துக்கு 27 யூனிட். 100 வாட் எல்.இ.டி. பெட்டி என்றால் ஒன்பது யூனிட்தான். தினமும் ஓட்ட வேண்டாம், சனி, ஞாயிறு மட்டும் ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். விளக்கும் நீடிக்கும்.

பெட்டியில் இருக்கும் ஸ்பீக்கர் சின்னது. மீதிப் பணத்தில் ஒரு ஸ்பீக்கர் வாங்கினார்கள். வயரில் இணைப்பதே நல்லது. புளூடூத்தில் சில சமயம் ஒலி பிந்தி வரும். உதடு முன்னே அசையும், பேச்சு பின்னே கேட்கும்.

சந்தில் ஒரு திரை

மும்பைக்குப் படம் காட்டுவது புதிதல்ல. இந்தியாவில் முதல் சினிமாக் காட்சி நடந்ததே அங்குதான். 1896 ஜூலை 7இல் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்களைக் காட்டினார்கள். டிக்கெட் ஒரு ரூபாய். அன்றைக்கு அது பெரிய பணம். பிறகு கணபதி விழாக்களில் சந்துக்குச் சந்து வெள்ளைத் துணி கட்டி இலவசமாகப் படம் ஓட்டினார்கள். துணிக்கு இந்தப் பக்கமும் கூட்டம். அந்தப் பக்கமும் கூட்டம். அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கதாநாயகன் இடது கையால் அடிப்பான். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரியும்.

வீட்டுக்குள் சொந்தக்காரர்களுடன் படம் பார்ப்பதில் தடை இல்லை. சந்தில் டிக்கெட் போட்டுக் காட்டினால் அது வேறு. படத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்கும் சட்டத்தில் தடை இருக்கிறது.

பாட்டுக்குக் கீழே அதே மொழியில் எழுத்து ஓட விடும் யோசனையும் இந்தியாவில் வளர்ந்ததுதான். அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருந்த பிரிஜ் கோத்தாரி 1990களில் இதைத் தொடங்கினார். தெரிந்த பாட்டு காதில் விழும். அதே சொல் கண்ணில் படும். இரண்டும் சேரும்போது படிப்பு பழகும் என்பது அவர் எண்ணம். பிறகு தூர்தர்ஷனின் சித்ரஹார் நிகழ்ச்சியிலும் அப்படி எழுத்து ஓடியது.

சனிக்கிழமை இரவு. அடுப்பு அணைந்தது. டியூப்லைட்டை அணைத்தார்கள். பேரன் தன் போனிலிருந்து ஒரு பழைய பாட்டைப் போட்டான். கீழே எழுத்து ஓடும் பாட்டு. சுவரில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு விரல் அகலம்.

மாமியார் முதல் சொல்லைக் கூட்டினார். இரண்டாம் சொல்லுக்கு வந்தார். வரி மாறப் போனது.

“நிறுத்துலே” என்றார்.

பேரன் நிறுத்தினான். மூன்றாம் சொல்லையும் படித்து முடித்தார்.

“ம். இப்போ போடு.”